இரண்டு அறைக்குள்ளும் போய்வந்த இஃப்

கிட்ட வாங்க கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். காலை நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரே நேரத்தில் செத்தும் சாகாமலும் இருந்த ஒரு திருடியின் கதையை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன். திருடி என்றதும் கைப்பையைத் தடவிப் பார்க்காதீர்கள். அவள் விளையாட்டில் வருகிற திருடி, சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத படம். அவளைச் சாகடித்தவர்கள்தான் நிஜமான ஆட்கள். அவர்களுக்கு நாற்காலி, மின்விசிறி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன.

ஒரு பல்லுக்காரர் இருந்தார். பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்கிய இடத்துக்குப் பல் செய்து கொடுக்கிறவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் தம் பட்டறையில் மெழுகில் ஈறு பிடித்து, பல்லை வரிசையாக நட்டு, அச்சில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். ஊரில் பல பேர் இவர் செய்த பல்லில்தான் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வருவது குறைந்துபோயிருந்தது. தங்கை பேசுவதில்லை.

தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது, பிள்ளைகளுக்குப் பரீட்சை நடத்திக்கொண்டிருக்கிறாளே, பதறிப்போவாளே என்று அண்ணன் அவளிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து, அம்மா கண்திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் போன் பண்ணினார். அம்மா பிழைத்துக்கொண்டார். அண்ணன் தங்கைப் பேச்சு பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கை கணக்கைப் போல் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"தப்பு என்னுதுன்னு நீ வாயைத் திறந்து சொன்னா பேசுவேன். இல்லன்னா பேச மாட்டேன்."

ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் தம் வாயைத் திறக்கவில்லை. ‘நல்லதுக்குத்தானே செஞ்சேன்’ என்கிற மெழுகு உள்ளேயே இறுகிவிட்டது.

ஆனால் இரண்டு பேரும் சண்டைக்கு வெகுநாள் முன்பிருந்தே ஒரே ஆட்டச் சங்கத்தில் உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இருபது முகமுள்ள பகடை உருட்டிக் கதை நடத்துகிற ஆட்டம். ‘அவன் வருவதற்காக நான் ஏன் வராமல் நிற்க வேண்டும்’ என்று இவளும், ‘அவள் வருவதற்காக நான் ஏன் நிற்க வேண்டும்’ என்று அவரும் தவறாமல் வந்தார்கள். ஆட்டத்தில் அண்ணன் ஒரு சமையல்காரன், பெயர் கரண்டி. பகலெல்லாம் பிள்ளைகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிற தங்கை ஆட்டத்தில் திருடி, பெயர் பூனைக்கால். அண்ணனுக்கும் தங்கைக்கும்தான் பேச்சில்லை. கரண்டிக்கும் பூனைக்காலுக்கும் என்ன சண்டை?

"ஏய் கரண்டி, உங்க வீட்டுக் கிழவி மாத்திரைய ஒழுங்கா முழுங்குதா?" என்று குகை வாசலில் நின்றபடி பூனைக்கால் கேட்பாள். "முழுங்குது. முழங்கால்தான் மடக்க முடியல" என்று கரண்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வான். அந்தக் கிழவி கதையில் எந்த இடத்தில் வருகிறாள் என்று ஆட்டத்தை நடத்துகிறவருக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

தங்கை அம்மாவைப் பார்க்க வருவாள்தான், அண்ணன் பட்டறைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. ஆனால் அம்மா மகளிடம் ‘எல்லாம் நல்லாருக்கு’ என்பதற்கு மேல் சொல்ல மாட்டார். உண்மை வேண்டுமானால் கரண்டியிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பல்லுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பார், "திருடி என்ன சொன்னா?" குடும்பம் என்கிற வண்டி இந்த ஒற்றைச் சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு சங்கதியை விளக்க வேண்டும். மிரளாதீர்கள், நான் சொன்னால் புரியும்.

மேசை முழுக்க ஒரு பெரிய திரை. அதில் காடு, குகை, கோட்டை. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சின்னப் படம். பகடையைக் கூட்டுவது, காயத்தைக் கழிப்பது போன்ற வேலைகளை ஒவ்வொரு பட்டனுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துக்கு மேக்ரோ என்று பெயர். மேக்ரோவுக்குள் இஃப் என்று ஒன்று உண்டு. மழை பெய்தால் குடையை எடு, பெய்யாவிட்டால் பரணில் போடு. அவ்வளவுதான் இஃப். அதற்கு மூன்று அறை. முதல் அறையில் கேள்வி. அடுத்ததில் ‘ஆமாம்’ என்றால் செய்ய வேண்டிய வேலை. கடைசியில் ‘இல்லை’ என்றால் செய்ய வேண்டிய வேலை.

நீங்களும் நானும் பதிலைக் கேட்டுவிட்டு ஏதாவது ஒரு அறைக்குள் போவோம். இந்த இஃப் நம்மைப் போலச் சோம்பேறி அல்ல. இரண்டு அறைக்குள்ளும் போகும், இரண்டு வேலையையும் முடிக்கும், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குப் பொருந்துகிற அறையின் செய்தியை மட்டும் வாசிக்கும். அறைக்குள் வெறும் சொல் இருந்தால் கெடுதல் இல்லை. வேலை இருந்தால்தான் வினை.

சங்கத்துக்குச் சங்கம் தாங்களே மேக்ரோ எழுதினால் உலகம் என்னாவது என்று, எல்லா மேக்ரோவையும் பகடையாட்டப் பேரவை என்கிற தலைமை இடத்தில்தான் எழுதி அனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அனுப்பிய புதுப் பட்டனின் பெயர் ‘பள்ளம் தாண்டுதல்’. பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் தாண்டியதாக வாழ்த்து. குறைந்தால் பள்ளத்தில் விழுந்து மரணம், படத்தை நீக்குதல், உடைமைகளைப் பங்கிடுதல், மணியோசை.

பூனைக்கால் பதினேழு போட்டாள். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: ‘பூனைக்கால் தாண்டிவிட்டாள். வாழ்த்துகள்.’ எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய கை இறங்குவதற்குள் மணி அடித்தது, படம் மறைந்தது, அவளுடைய கயிறும் கள்ளச்சாவியும் பக்கத்தில் நின்ற வேட்டைக்காரனின் பைக்குள் போய் விழுந்தன. வேட்டைக்காரனாக ஆடியவர் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஆட்டத்தை நடத்துகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆள் தாண்டியது உண்மை என்றார். ஆள் இல்லை என்பதும் உண்மை என்றார். தமக்கு இதில் அதிகாரம் இல்லை என்பது எல்லாவற்றையும்விட உண்மை என்றார்.

தங்கை எழுந்தாள். அண்ணனைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள், "செத்தவ பேசக் கூடாது. நான் வரேன்."

வேறு ஒரு புது ஆளை உருவாக்கிக்கொள்ளலாமே என்று நடத்துகிறவர் வாசல்வரை போய்ச் சமாதானம் சொன்னார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுதான் பல்லுக்காரரின் நெஞ்சில் தைத்தது.

"புதுசா வர்றவளுக்கு இந்தச் சமையல்காரனைத் தெரியாது சார். முன்பின் தெரியாதவன்கிட்ட முழங்காலைப் பத்தி எப்படிக் கேக்கிறது?"

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போலக் கேட்டார். பல்லுக்காரர், திருடி இன்றைக்கு ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பேரவைக்குப் புறப்பட்டார்.

மரச்சாமான் கடைக்கு மேலே இருந்தது பேரவை. மாடிப்படி ஏறினால் நீண்ட வராந்தா, வராந்தாவில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு எதிரே ‘நிபந்தனைப் பிரிவு’ என்று எழுதிய கதவு. உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுதாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். புகார் வாழ்த்தை எதிர்த்தா, மரணத்தை எதிர்த்தா?

மரணத்தை எதிர்த்து என்றார் பல்லுக்காரர்.

அப்படியானால் வாழ்த்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி மகிழ்ந்துபோனார். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிட்டதாம். மீதிப் பாதிக்குத்தான் அவர் மனம் விட்டுப் பேசினார்.

"பாருங்க சார், நீங்க சொல்ற மாதிரி இன்னொரு இஃப்பும் இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. கேள்வியை முன்னாடி தனியா வச்சு எழுதுனா அது ஒரே அறைக்குள்ளதான் போகும். ஒரு வரியை மாத்துனா முடிஞ்சது. ஆனா மாத்திட்டா யாருக்கும் சந்தேகமே வராது. சந்தேகம் வரலன்னா இந்தக் கதவுக்குப் பின்னாடி நாங்க எதுக்கு? எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்குன்னு கொஞ்சம் யோசிங்க."

பல்லுக்காரர் யோசித்தார். கடித்தால் வாயில் பொருந்தவும் செய்து கழன்று விழவும் செய்கிற பல்லைத் தாம் கட்டிக் கொடுத்தால் ஊர் தம்மை என்ன செய்யும் என்று யோசித்தார். அதை வெளியே சொல்லவில்லை. பாவம், அவருக்கு அதிகாரிகளிடம் பேசிப் பழக்கமில்லை. "எப்படியாவது அவளைக் கொண்டாந்துருங்க சார்" என்று மட்டும் சொன்னார். அதிகாரி நெகிழ்ந்துபோய் விஷயத்தைத் தலைவரிடம் அனுப்பினார்.

தலைவர் உயரமானவர். பேச எழுந்தால் கடிகாரத்தை மறைத்துக்கொண்டு நிற்பார். நேரம் யாருக்கும் தெரியாது. அவையைக் கூட்டி, பல்லுக்காரரை ஓரத்தில் உட்காரவைத்து, மைக்கைத் தட்டிப் பார்த்து ஆரம்பித்தார்.

"நண்பர்களே, சாதாரண இஃப் என்ன செய்யுது? ஒரு அறைக்குள்ள நுழைஞ்சு இன்னொரு அறையைப் பட்டினி போடுது. இது பாரபட்சம். நம்ம இஃப் யாரையும் ஒதுக்கல. வெற்றியையும் குடுக்குது, தோல்வியையும் குடுக்குது. ஆனா சபை நாகரிகம் கருதி ஒண்ணை மட்டும் வெளிய சொல்லுது. என்னோட பொதுவாழ்க்கை முழுக்க நான் இதைத்தான் கடைப்பிடிச்சிருக்கேன். இயந்திரத்துக்குத் தெரிஞ்ச இந்த நேர்மை இத்தனை நாளா நமக்குத் தெரியாமப் போச்சே."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அதைத் தீர்மானமாகவே போட்டுவிட்டார்கள். இஃப்பில் பிழை இல்லை. அலுவலகம் நடக்கும் விதத்தில்தான் பிழை. ஆகவே அன்றுமுதல் பேரவையின் எல்லா வேலையும் இஃப் செய்வதைப் போலவே நடக்கும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்று கேட்டிருப்பீர்கள். இவர்கள் வெட்டிய காலுக்கு விழா எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பல்லுக்காரர் அங்கே போன நாளெல்லாம் ஒரு தினுசாக இருந்தது. ‘ஆள் தகுதியுள்ளவரானால் உள்ளே விடு, இல்லையானால் வெளியே அனுப்பு’ என்பது வாசல் காவலருக்கு வந்த உத்தரவு. அவர் கதவைத் திறந்து மரியாதையாக உள்ளே விடுவார். உள்ளே போனதும் தோளைத் தொட்டு மரியாதையாக வெளியே கொண்டுவந்து விடுவார். பிறகு, "நீங்க உள்ள போயாச்சு சார்" என்று அறிவிப்பார். டீ வேண்டுமென்றால் வை, வேண்டாமென்றால் எடு என்பதால் டீ கொண்டுவருகிறவர் டம்ளரை மேசையில் வைத்துச் சுடச்சுடத் திரும்ப எடுத்துப் போவார். நிபந்தனைப் பிரிவு அதிகாரி மகள் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டார். அது வழங்கவும்பட்டது, மறுக்கவும்பட்டது. மனிதர் முகூர்த்தத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஆட்டோவில் அலைந்து, தாலி கட்டுகிற நேரத்தில் மாடிப்படியில் நின்றார். ஆனாலும் வராந்தாவில் தம்மைப் பார்த்துச் சிரித்தார் என்று பல்லுக்காரர் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. "திருடி வந்துட்டாளா?" என்றார்.

விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். தங்கைக்கும் அழைப்பு போனது. பாதிக்கப்பட்டவர் உயிரோடிருந்தால் சாட்சி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரங்கல் தெரிவிக்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்பாடு நடந்தது. வராந்தாப் பெஞ்சின் ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் தங்கை. நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம். அந்த இடத்தைப் பார்த்து அண்ணன் தொண்டையைச் செருமினார். தங்கையும் செருமினாள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் எல்லாரும் எழுந்து பூனைக்காலின் மறைவுக்கு மௌனம் காத்தார்கள். தங்கையும் காத்தாள். தலைவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே அவளுடைய ஆட்டத் திறமையைப் புகழ்ந்து, இப்படி ஒருவரை இனிக் காண முடியுமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே கைக்குட்டையோடு சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

"நீங்க தாண்டுனீங்களா?" என்று கேட்டார்.

"தாண்டினேன்."

"அப்புறம் ஏன் பள்ளத்துல இருக்கீங்க?"

கணக்கு டீச்சர் ஆயிற்றே, தங்கை ஒவ்வொரு சொல்லாக மெல்லத்தான் சொன்னாள். "அதைத்தான் சார் நானும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன்." சொல்லும்போது அவள் தலைவரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பல்லுக்காரர் தலையைக் குனிந்து தம் கட்டைவிரலில் காய்ந்திருந்த மெழுகைச் சுரண்டினார்.

தீர்ப்பு வந்தது. புகார் நியாயமானால் ஆளைத் திருப்பி வை, நியாயமில்லாவிட்டால் புதை. திரையில் பூனைக்காலைத் திருப்பி வைத்தார்கள், உடனே புதைத்தார்கள். மிச்சம் ஒரு கல்லறை. படத்துக்குப் பதில் கல்லறை. அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், குகைக்கும் கோட்டைக்கும் கூட்டிப் போகலாம். பேச மட்டும் கூடாது. ‘புகார் ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நடமாட்டம் திரும்பக் கிடைத்திருக்கிறதே, அதற்காகவாவது மகிழக் கூடாதா என்று அதிகாரி கேட்டார்.

பல்லுக்காரர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது தங்கை படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பேரவையில் தெய்வம் காத்திருக்கவில்லை. அடுத்து வந்த பொதுக்குழுவில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பான்மை கிடைத்தால் பதவி நீட்டிப்பு, கிடைக்காவிட்டால் வழியனுப்பு விழா. எதிர்த்து நிற்க ஆளே இல்லை. ஒருமனதாகக் கை தூக்கினார்கள். பதவி நீட்டிக்கப்பட்டதாகப் பலத்த கரகோஷத்துக்கிடையே அறிவித்தார்கள். கூடவே நினைவுப் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, ஓய்வுக்காலம் சிறக்க வேண்டுமென்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே போக அவர் திரும்பினார். காவலர் மரியாதையாகக் கதவைத் திறந்து உள்ளே விட்டு, மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

தீர்ப்புத் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அன்றைக்கு வந்திருந்த பல்லுக்காரர், பெஞ்சில் தலைவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மடியில் கடிகாரம். இப்போது அவருக்கு நேரம் நன்றாகத் தெரிந்தது.

"நான்தான் இன்னும் தலைவர்" என்றார் அவர்.

"கேள்விப்பட்டேன் சார். வாழ்த்துகள்."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த இன்னொரு இஃப் இருக்காமே, ஒரு அறைக்குள்ள மட்டும் போறது. அதை எழுதத் தெரிஞ்சவங்க யாராவது உங்களுக்குப் பழக்கமா?"

பல்லுக்காரர் அவர் பக்கத்தில், நடுவே இடம் விடாமல், உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பெஞ்சின் மறுமுனையில் தங்கை உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. இரண்டு வருஷமாக அவளும் இரண்டு வேலையும்தானே செய்துகொண்டிருந்தாள். பேசவும் பேசினாள், பேசாமலும் இருந்தாள். பேசாததை மட்டும் ஊருக்கு வாசித்தாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன், கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவளை இரண்டு அறையிலும் நிற்கவைத்தது யார்? பல்லுக்காரர் தாளை மடித்துத் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார்.

தங்கை வீட்டு வாசலில் போய் நிற்கும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டினார். யார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. இவருக்கு வந்தது ஆட்டத்து வாய்தான்.

"கரண்டி."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு, "பூனைக்கால் செத்துட்டா. தெரியாதா?"

"தெரியும். துக்கம் கேக்க வந்தேன்."

தாழ்ப்பாள் அசைந்தது, திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது கீழ் இடுக்கில் நிழலாகத் தெரிந்தது.

"தப்பு என்னுதுன்னு சொல்ல வந்திருந்தா உள்ள வா" என்றாள். மழை வலுத்தது. பல்லுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்காகக் காத்திருந்தார். "இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னாலும் உள்ள வா. நனையாத."

கதவு திறந்தது. பல்லுக்காரர் உள்ளே வந்து, தலையைத் துவட்டுவதற்கு அவள் நீட்டிய துண்டை வாங்கி, துவட்டாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிப் போறதுக்கு முன்னாடி நீ அவங்க முகத்தைப் பார்த்திருக்கணும். பார்க்க விடாமப் பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான்."

தங்கை துண்டைப் பிடுங்கி அவர் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினாள். அழுத்தியதில் கோபம் இருந்தது, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். "இதைச் சொல்ல உனக்கு நான் சாகணுமா அண்ணே?" என்றாள்.

பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்தார்கள். பல்லுக்காரர் சட்டைப்பையில் துழாவி, பட்டறையில் மிஞ்சிப்போன ஒரு கோரைப்பல்லை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். கூர்மையாக, ஒல்லியாக, பூனைக்கால் மாதிரியே இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டையான கடைவாய்ப்பல், அது கரண்டி. மேசை விரிசல்தான் பள்ளம். தங்கை பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டு, பன்னிரண்டுக்குக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கயிறு வேட்டைக்காரனிடம் இருக்கிறது, ஆனால் கரண்டியிடம் நீளமான கரண்டி இருக்கிறது என்றார் அண்ணன்.

அவள் நான்குதான் போட்டாள். பூனைக்கால் விழுந்தாள். அண்ணன் விரலை நீட்டித் தூக்கிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார், திருடி என்ன சொன்னாள் என்று. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வராளாம். உன் முழங்காலை அவளே பார்க்கணுமாம்" என்றார் பல்லுக்காரர். பேரவை இன்னும் நடக்கிறது என்றுதான் கேள்வி. மூடியும் இருக்கிறதாம்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டிலும் தேடுவார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தாலும், கோபம் தீராமலே வந்தாலும், உங்கள் வீட்டுக் கதவு இரண்டுக்கும் திறக்கட்டும். உள்ளே உலர்ந்த துண்டும் சூடான சாப்பாடும் என்றைக்கும் குறையாதிருக்கட்டும். நீங்கள் எல்லாரும் சொந்தப் பல்லோடு நெடுநாள் சிரித்து நன்றாக இருங்கள்.